எல்லாம் சரியான பிறகா? சிறுதொழில் தொடக்கமும் குறை பொறுக்காத மனமும்

சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை நன்றாகவே தெரியும். ஒருவர் தைத்த ரவிக்கைக்கு ஊரில் பெயர் இருக்கும். இன்னொருவர் பத்து வருடம் அடுத்தவர் பட்டறையில் மோட்டார் ரீவைண்டிங் செய்தவராக இருப்பார். தொடங்குவதற்கான ஏற்பாடுகளும் ஓய்வதில்லை. கடைக்குப் பெயர் பார்த்து, எண் கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டி, மறுபடி குறைத்து, லோகோவை நான்கு பேரிடம் காட்டி, ஆடி கழியட்டும், மார்கழி கழியட்டும் என்று தள்ளி, மெஷினில் புது மாடல் வரட்டும் என்று காத்திருந்து, வருடம் ஓடிவிடும். காசு கொடுத்து ஒருவர்கூட அந்தச் சரக்கை வாங்கியிருக்க மாட்டார்.

உறவினர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். கொஞ்சம் பரிவுள்ளவர்கள், தைரியம் போதவில்லை என்பார்கள். இரண்டும் பொருந்தாது. சோம்பேறி இவ்வளவு அலைய மாட்டார். தைரியம் இல்லாதவர் இந்த யோசனையையே எப்போதோ கைவிட்டிருப்பார். குறையோடு ஒன்றை வெளியே காட்டிவிடக் கூடாது என்ற கட்டுதான் இவரைப் பிடித்து வைத்திருக்கிறது. பெர்ஃபெக்‌ஷனிசம் என்று பரவலாகப் பேசப்படும் இந்தக் குறை பொறுக்காத மனத்தைப் பற்றி உளவியலில் அரை நூற்றாண்டாக நிறைய எழுதியிருக்கிறார்கள். தொழில் தொடங்குவது பற்றி மேலாண்மைத் துறையில் எழுதப்பட்டதும் ஏராளம். அவற்றில் எது நம் ஊர்ச் சிறுதொழிலுக்கு உதவும், எது உதவாது என்று இந்தக் கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் தொடங்குவேன் என்ற பிடிவாதத்தில் பாதிதான் ஆளின் குணம். மறுபாதி, முதல் அடியிலேயே எவ்வளவு பணத்தையும் எவ்வளவு மானத்தையும் பணயம் வைக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. குணத்தை மாற்ற வெகுநாள் ஆகும். பணயத்தைக் குறைக்க ஒரு மாலைநேரக் கணக்குப் போதும்.

உளவியலார் சொல்வதை முதலில் பார்ப்போம். 1978-இல் டான் ஹமாசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மனப்பான்மையை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையினர் நல்ல வேலை செய்வதில் மகிழ்ச்சி காண்கிறார்கள்; இடம் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் அவர்களால் முடிகிறது. மற்ற வகையினருக்கு எவ்வளவு செய்தாலும் நிறைவு வராது. 1990-இல் ரேண்டி ஃப்ராஸ்ட் குழுவினர் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். தவறு நேர்ந்துவிடுமோ என்ற கவலை, செய்து முடித்ததைப் பற்றியே எழும் சந்தேகம், தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் உயர்ந்த அளவுகோல், ஒழுங்கில் பிடிப்பு ஆகியவற்றோடு, பெற்றோரின் எதிர்பார்ப்பும் பெற்றோரின் கண்டனமும் அதில் தனித்தனி அம்சங்களாக இடம்பெற்றன. வீட்டில் கேட்ட பேச்சு வயது வந்த பிறகும் ஒருவரின் கையைப் பிடித்திழுக்கும் என்பதை அந்த அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. அடுத்த ஆண்டு பால் ஹெவிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் வேறொரு கோணத்தில் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்ப்பதாக நம்புவது. இந்த மூன்றாவது திசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தொழில் தொடங்குகிறவரை அதிகம் முடக்குவது அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அதன் பிறகு வந்த ஆய்வுகளில், தொழில் தொடங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்று. ஃபூஷா சிராய் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உயர்ந்த தரத்தை நாடுகிறவர்களிடம் வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் குறைவாகவே இருந்தது. தவறு பற்றிய கவலையும் பிறர் தீர்ப்பு பற்றிய அச்சமும் மிகுந்தவர்களே அதிகம் தள்ளிப்போட்டார்கள். இது பெரிய ஆறுதல். 'தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், தொடங்கிவிடலாம்' என்ற அறிவுரை ஆளைத் தவறான இடத்தில் தொடுகிறது. தரத்தில் பிடிப்புள்ளவர் அந்தப் பிடிப்பை விட வேண்டியதே இல்லை. அச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2018-இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு வேலையிடங்களை எடுத்துக்கொண்டது. ஹராரி, ஸ்வைடர் முதலியோர் செய்தது. குறை பொறுக்காதவர்கள் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள், ஊக்கமும் அவர்களிடம் அதிகம். ஆனால் அவர்களின் வேலைத்திறன் மற்றவர்களைவிட மேலாக இல்லை. கூடுதல் உழைப்பு எங்கேயோ வீணாகிறது என்று பொருள். எங்கே என்று அந்த எண்கள் சொல்லவில்லை. லோகோவை நான்கு பேரிடம் காட்டியவர்களுக்குத் தெரியும்.

இந்த மனப்பான்மை கூடிவருகிறது என்பதற்கும் சான்று உண்டு. தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 1989 முதல் 2016 வரை அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் விடைகளை ஒப்பிட்டார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது 10 சதவீதம் கூடியிருந்தது. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணமோ 33 சதவீதம் கூடியிருந்தது. அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து வைக்க முடியாது. அவர்கள் வேறு நாட்டு மாணவர்கள். எனினும் போனில் எந்நேரமும் அடுத்தவர் கடையின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமுறை இங்கேயும் வளர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து கேக் செய்து விற்க நினைக்கும் பெண் தன் முதல் கேக்கை ஒப்பிடுவது பக்கத்துத் தெரு பேக்கரியோடு அல்ல. உலகத்தின் மிகச் சிறந்த கேக்கின் மிகச் சிறந்த படத்தோடு.

இனி நம் ஊர்ச் சூழல். இங்கே தொழில் தொடங்குவது ஊரறிய நடக்கும் சடங்கு. பத்திரிகை அடித்து, மாமா கையால் ரிப்பன் வெட்டி, வாசலில் வாழை கட்டி, ஃப்ளெக்ஸில் எல்லார் படமும் போட்டுத்தான் கடை திறக்கிறது. அதில் அன்பு இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதல் நாளே முந்நூறு பேர் பார்த்துவிட்ட கடையை மூன்று மாதத்தில் மாற்றவோ மூடவோ நேர்ந்தால், அதுவும் முந்நூறு பேருக்குத் தெரியும். 'எங்க போச்சு உன் கடை?' என்ற கேள்வியைக் கல்யாண வீட்டில் எதிர்கொள்ள வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தை மனநோய் போலப் பேசுவது அநியாயம். அந்த நாலு பேர் உண்மையிலேயே இருக்கிறார்கள். பெண்களுக்கு இது இரட்டிப்பாகிறது. வீட்டில் அனுமதி ஒரு முறைதான் கிடைக்கும் என்று பல பெண்களுக்குத் தெரியும். கைதவறினால் அடுத்த வாய்ப்பு கிடையாது. அப்படிப்பட்டவர் எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்ப்பதில் வியப்பென்ன?

பணமும் அப்படித்தான். சிறுதொழிலின் முதல் பெரும்பாலும் நகைக்கடனாகவோ சீட்டெடுத்த பணமாகவோ மைத்துனர் கொடுத்த கைமாற்றாகவோ இருக்கும். அம்மாவின் வளையலை அடகு வைத்து ஐந்து லட்சத்தைக் கையில் வாங்கியவர், முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக வர வேண்டும் என்று நினைப்பது அறிவான எச்சரிக்கைதான். அதனால்தான் 'பயப்படாதே, குதி' என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பேச்சை நம்பிக் குதித்தவர்களின் கடன் தவணையை அவர்கள் கட்டுவதில்லை. பணயத்தை ஐந்து லட்சத்திலிருந்து ஐயாயிரத்துக்கு இறக்கிவிட்டால் அதே ஆளின் அதே மனம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். குறை வந்தால் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் தானாக வரும்.

இதற்கு இந்தியாவில் மிகத் தெளிவான சான்று லிஜ்ஜத் அப்பளம். அந்த நிறுவனத்தின் கதையைப் பெண்களின் வெற்றிக் கதையாக எல்லாரும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அது எவ்வளவு அரைகுறையாக இருந்தது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி நான்கு பாக்கெட் அப்பளம் செய்தார்கள். முதலீடு 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் வாங்கிய கடன். அவர்களுக்கு வணிகப் பெயர் இல்லை, சங்கப் பதிவு இல்லை, சொந்தக் கூரை இல்லை. புலேஷ்வரில் அறிந்த வியாபாரி ஒருவரிடம் சரக்கைக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயவில்லை. முதல் வருடம் நான்கு மாதம் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அப்பளத் தொழிலில் இறங்குகிறவர்கள் மும்பை மழையை யோசிக்காமலா தொடங்குவார்கள் என்று இன்றைய திட்ட அறிக்கைக்காரர் கேட்பார். எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகுதான் தொடங்குவது என்று அவர்கள் இருந்திருந்தால், உலர்த்தும் மெஷினுக்குப் பணம் சேரும்வரை மொட்டைமாடிக்கே ஏறியிருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழையிலும் அப்பளம் காய்ந்தது. லிஜ்ஜத் என்ற பெயர் 1962-இல்தான் வந்தது. அதற்கொரு போட்டி வைத்து, பரிசு ஐந்து ரூபாய் கொடுத்தார்கள். மூன்று வருடம் பெயரே இல்லாமல் விற்றிருக்கிறார்கள். 1961-இல் மலாடில் கிளை திறந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. 1966-இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள்.

இதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள். மட்டமானதை மலிவு விலையில் விற்கலாம் என்று நினைத்தார்கள். பரேக் அதற்கு ஒப்பவில்லை. ஒரே தரம், அதில் ஒருபோதும் இறங்கக் கூடாது, கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பெயர், இடம், கருவி என எல்லாவற்றிலும் குறை. அப்பளத்திலும் கணக்கிலும் மட்டும் குறை கூடாது. தொழில் தொடங்குகிறவர் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்நாட்டில் கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் தொடங்கிய சிக் ஷாம்பூவும் இந்த வரிசையில் வரும். சாஷே பாக்கெட்டில் ஷாம்பூ விற்கும் வழியை அவர் தந்தை சின்னி கிருஷ்ணன் முன்பே கண்டிருந்தார். கடைகளில் பெரிய பெயர்களோடு போட்டி போட வேண்டிய நிலையில், எந்த ஷாம்பூவின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு அதைச் சிக் காலி சாஷேக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். மல்லிகை, ரோஜா மணம் சேர்ந்ததும் பின்னால்தான். தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு எந்த மணம் பிடிக்கும் என்பது அறைக்குள் உட்கார்ந்து ஊகிக்கக்கூடியதாக இப்போது தோன்றும். விற்றுப் பார்க்கும்வரை அது யாருக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வழி வேறு மாதிரியானது. மலிவு விலைச் சானிட்டரி நாப்கின் செய்ய 1998 வாக்கில் அவர் பஞ்சை வைத்துத் தொடங்கினார்; மனைவியிடமே கொடுத்துக் கேட்டார்; அது பயன்படவில்லை. கடையில் கிடைக்கும் நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மெஷினை உருவாக்க மேலும் நாலரை வருடம். இவ்வளவு காலம் உழைத்தவரைக் குறை பொறுக்காதவர் என்றுதானே சொல்ல வேண்டும்? வேறுபாடு ஒன்றுதான். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் செய்ததை வெளியே கொடுத்துச் சோதித்தார். முதல் நாப்கினின் தோல்விதான் அடுத்த கேள்வியை அவருக்குக் கொடுத்தது. இதற்காக ஊர் அவரை நிறையவே பேசியது. பல வருடம் எடுத்துக்கொள்வது தவறே இல்லை. அந்த வருடங்களில் பயன்படுத்துகிறவரின் பதில் ஒருமுறைகூட வராமல் இருப்பதுதான் ஆபத்து.

மேலாண்மைத் துறைக்காரர்கள் இதையே வேறு மொழியில் பேசியிருக்கிறார்கள். பொருளியல் நோபல் பரிசை 1978-இல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லா வழிகளையும் எடைபோட்டு மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 1950-களிலேயே எழுதினார். அதைக் குறையாக அவர் பார்க்கவில்லை. நேரமும் தகவலும் அளவோடு இருக்கும் உலகில் அதுவே அறிவு. டி.பி. ரைட் என்ற பொறியாளர் 1936-இல் விமானத் தொழிற்சாலைகளைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்: மொத்தம் செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான உழைப்புச் செலவு சுமார் 20 சதவீதம் குறைகிறது. கை பழகுவது செய்த எண்ணிக்கையில்தான், யோசித்த நாளில் அல்ல. சிறுதொழிலுக்கு இந்தக் கணக்கு மிக நெருக்கமானது. முதல் பத்து ரவிக்கை மெதுவாகத்தான் வரும், நஷ்டத்தில்கூடப் போகும். நூறாவது ரவிக்கையின் லாபம் அந்தப் பத்தைத் தைத்தவருக்கு மட்டுமே வரும்.

எரிக் ரீஸ் 2011-இல் எழுதிய 'தி லீன் ஸ்டார்ட்அப்' இந்தத் துறையில் அதிகம் படிக்கப்பட்ட நூல்களில் ஒன்று. பொருளின் மிகச் சிறிய பயனுள்ள வடிவத்தை முதலில் வெளியிட்டு, பயன்படுத்துகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்து மாற்றிக்கொண்டே போவது அவர் முறை. மென்பொருளுக்கு இது அழகாகப் பொருந்தும். பிழையிருந்தால் இரவோடிரவாகத் திருத்தி அனுப்பிவிடலாம். ஊறுகாயில் பூஞ்சை வந்தால் அப்படித் திருத்த முடியாது. நம் ஊரில் இந்த நூலை மேடையில் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

எனக்கு அதிகம் பயன்படுவதாகத் தோன்றுவது சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் 2001-இல் முன்வைத்த கருத்து. அனுபவமிக்க 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்று கணித்து அவர்கள் இறங்குவதில்லை. போனால் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் வரையறுத்துக்கொண்டு, கையில் இருப்பதை வைத்து, தெரிந்தவர்களோடு தொடங்குகிறார்கள். மொட்டைமாடியின் ஏழு பெண்கள் சரஸ்வதியைப் படித்ததில்லை. ஆனாலும் 80 ரூபாய் அப்படிப்பட்ட தொகைதான்.

இதையெல்லாம் ஒரு வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இட்லிப் பொடி விற்க நினைக்கிறார் ஒருவர். அவர் கவலைப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் ஒன்றும் போனில் பார்த்த அழகான பாக்கெட் அல்ல. உளுந்து உள்வரை வறுபட்டிருக்கிறதா? மிளகாய் வற்றலில் ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா? எள் பழையதானால் ஒரே வாரத்தில் சிக்கு வாடை வரும். வறுத்த சூடு ஆறாமல் அடைத்தால் பாக்கெட்டுக்குள் நீர் கோத்துக் கட்டி பிடிக்கும். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் தேதி எழுதி ஒரு பாக்கெட்டை எடுத்துவைத்து, பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று திறந்து முகர்ந்தும் ருசித்தும் பார்த்தால்தான் எத்தனை நாள் தாங்கும் என்று நேர்மையாகச் சொல்ல முடியும். தராசு சரியாக இருக்க வேண்டும். 200 கிராம் என்று போட்டால் 200 கிராம் இருக்க வேண்டும். இவற்றில் எவ்வளவு பிடிவாதம் காட்டினாலும் தகும்.

சட்டமும் இந்தப் பக்கத்தில்தான் வரும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 2011-ஆம் ஆண்டு உரிம விதிகள், வருட விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உணவுத் தொழிலுக்கு முழு உரிமம் கேட்காமல் எளிய பதிவு முறையை வகுத்தன; கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய் என வைத்தன. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இவற்றை 'முழு ரெடியாகணும்' என்ற மலையின் ஒரு பகுதியாக நினைத்துப் பலர் மலைத்துப்போகிறார்கள். உட்கார்ந்து செய்தால் சில நாள் வேலை.

மறுபக்கத்தில் பாக்கெட்டைப் பாருங்கள். அச்சிட்ட வண்ணப் பாக்கெட் வேண்டுமென்றால், வழக்கமான அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. குறைந்த அளவில் அச்சடித்துத் தரவும் மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் பாக்கெட் அடித்து வீட்டில் அடுக்கிய பிறகு, வாங்கியவர்கள் 'காரம் கொஞ்சம் குறைத்தால் குழந்தைகளுக்கும் கொடுப்போம், 100 கிராம் பாக்கெட் இருந்தால் நல்லது' என்று சொன்னால் என்ன செய்வது? அச்சிட்ட எடையை மாற்ற முடியாது. மனம் அந்தக் குறையைக் காதில் வாங்கவே மறுக்கும். அழகுக்காக முதலிலேயே கொட்டிய பணம், வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கும் சக்தியைப் பறித்துவிடுகிறது. கடையில் வாங்கிய சாதாரண ஜிப் பாக்கெட்டில் விவரங்கள் அடங்கிய ஸ்டிக்கர் ஒட்டி நாற்பது பாக்கெட் விற்பவர், அடுத்த வாரமே காரத்தையும் எடையையும் மாற்றிவிடலாம்.

ஆக, எது வாங்குகிறவரின் உடலையும் பணத்தையும் நம்பிக்கையையும் தொடுகிறதோ அதில் குறைக்கு இடமில்லை. எது நம் பெருமையை மட்டும் தொடுகிறதோ அது நாளை மாறலாம். இடையில் மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு; பலர் இதைக் கவனிப்பதில்லை. காரம், அளவு, விலை, எந்த நாளில் விற்பது போன்றவற்றுக்குச் சரியான விடை நம்மிடம் இல்லவே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வராது. அது வாங்குகிறவரிடம் இருக்கிறது. இந்த மூன்றாவது வகைக் கேள்விகளை வீட்டுக்குள்ளேயே தீர்க்கப் பார்ப்பதில்தான் வருடங்கள் கரைகின்றன.

அச்சத்துக்கு என்ன செய்வது? ராஸ் ஷஃப்ரான், பீட்டர் கூப்பர், கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் மூவரும் 2002-இல், வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குப் போன குறையின்மைப் பிடிவாதத்தைச் சிகிச்சைக்குரியதாக விளக்கினார்கள். அதையொட்டி வளர்ந்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பலன் தருவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் ஒரு பயிற்சி சிறுதொழிலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது. நடக்கும் என்று அஞ்சுவதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, வேண்டுமென்றே சிறு குறையோடு ஒரு காரியத்தைச் செய்து, உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுவது. 'லேபிள் கோணலாக இருந்தால் யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள்' என்று எழுதிவிட்டு, சற்றுக் கோணலாக ஒட்டிய பத்துப் பாக்கெட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், வராதவர்கள் சொன்ன காரணம் என்ன என்று குறித்துக்கொள்ளலாம். அச்சத்தோடு வாதிட்டு வென்றவர்கள் குறைவு. பக்கத்துப் பத்தியில் எழுதிய எண்ணிக்கை அதைக் கரைக்கும்.

யாரிடம் முதலில் விற்பது என்பதும் அச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். உறவினரிடம் தொடங்காதீர்கள் என்பேன். அத்தை நன்றாக இருக்கிறது என்பார், காசு கொடுக்க மாட்டார். அல்லது காசு கொடுத்துவிட்டு ஊரெல்லாம் குறை சொல்வார். இரண்டிலும் தகவல் கிடையாது, மனக்கஷ்டம் மட்டும் உண்டு. அதிகம் பழக்கமில்லாத, ஆனால் மறுபடி சந்திக்கக்கூடிய பத்துப் பேர் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகக் கேண்டீன், பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர். முழு விலை வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு மனிதர்கள் பாராட்டைத்தான் திருப்பித் தருவார்கள்.

தொடங்கிய பிறகும் இந்த மனம் விடாது, வேறு வேடத்தில் வரும். ஆளை வைத்துக்கொள்ள மறுக்கும். தன் கைபோல வராது என்று இரவு இரண்டு மணிவரை தானே பாக்கெட் ஒட்டும். ஹெவிட்டும் ஃப்ளெட்டும் சொன்ன இரண்டாவது திசை, பிறரிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, இங்கே வேலையாளை விரட்டும். விலையை உயர்த்தக் கூச்சப்படும், இன்னும் அவ்வளவு நன்றாக இல்லையே என்று. இதனால் களைத்து மூடிய தொழில்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மூடியவர்களும் காரணத்தைச் சொல்வதில்லை, 'செட் ஆகலை' என்று முடித்துக்கொள்கிறார்கள்.

காத்திருக்க வேண்டிய தொழில்களும் உண்டு. குழந்தை உணவு, மருத்துவக் கருவி, மின்சாதனம், கேஸ் அடுப்பு, அடைத்துப் பதப்படுத்தும் இறைச்சி போன்றவற்றில் சிறியதாகத் தொடங்கலாம், அரைகுறையாகத் தொடங்கக் கூடாது. ஆய்வுக்கூடச் சான்று வரும்வரை பொறுப்பதை யாரும் குறை பொறுக்காமை என்று கேலி செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் பேச வேண்டும். இது தனிமனித மனத்தைத் தாண்டிய விஷயம். நம் அரசுத் திட்டங்களில் பெரும்பாலானவை தொடங்கும்போதே முழுமையைக் கேட்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு 2020-இல் வந்த திட்டத்தில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை. உதவி பெரியது, நல்லது. ஆனால் திட்டச் செலவு கூடினால்தான் மானியமும் கூடும். அதனால் மெஷினும் கொட்டகையும் சேர்ந்து முதல் நாளே எல்லாம் நிறைந்த ஒரு திட்ட அறிக்கை தயாராகிறது, இன்னும் பத்துப் பேருக்குக்கூட விற்றிராத ஒருவர் பெயரில். அதில் கையெழுத்திட்டவர் எப்படிக் குறையை ஏற்பார்? 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு கடன் இருக்கிறது. தொடக்க முயற்சிக்கு ஏற்ற அளவு அதுதான். அந்தச் சிறு கடன் கேட்டு வருகிறவரை வங்கி மேலாளர்கள் பெரிய திட்டம் கொண்டுவருகிறவருக்கு இணையான மதிப்போடு உட்காரவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்காக நடக்கும் கல்லூரிச் சந்தை இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு. கல்லூரி வளாகத்தில் மேசை போட்டுக் கொடுக்கிறார்கள். ரிப்பன் இல்லை, அட்வான்ஸ் இல்லை, மாமா வரவேண்டியதில்லை. வாங்குகிற மாணவர்களுக்கு விற்கிறவரின் குடும்பம் தெரியாது, பிடிக்காததைத் தயங்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள். 1989-இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து சேமிப்பையும் கடனையும் பற்றி நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். விற்றுப் பார்க்க ஓர் இடத்தை அதே அக்கறையோடு கொடுக்கவில்லை. தொழில்முனைவோர் பயிற்சி எதுவானாலும் திட்ட அறிக்கை எழுதும் பாடத்துக்கு முன்னால் இப்படி ஒரு மேசையில் ஒரு நாள் நிற்கவைக்க வேண்டும். ஒவ்வொரு நகராட்சியும் தன் பேருந்து நிலையத்திலோ வாரச்சந்தையிலோ நான்கு மேசைகளைப் புதியவர்களுக்கென ஒதுக்கி, நாள் வாடகைக்கு, முன்பணம் கேட்காமல், ஒருவருக்கு ஆறு வாரம் என்று கொடுத்தால் போதும். ஆறு வாரத்தில் காரம் எவ்வளவு, எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இந்தத் தொழில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், சில ஆயிரம் ரூபாயோடு அம்மாவின் வளையலை அடகு வைக்காமலே வீடு திரும்பலாம்.